வங்கி வேண்டாம், கணக்கு மட்டும் போதும்

நடுவில் வங்கி என்ற தரகரே வேண்டாம் என்றுதான் 2008இல் சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ பிட்காயினுக்குத் திட்டம் எழுதினார். அதை நம்பிக் காசு சேர்த்து, லிஸ்பனில் குடியேறிய வெளிநாட்டவருக்கு வாடகை நாள் வந்ததும் வேண்டியிருப்பது யூரோ. யூரோ இருப்பதோ வங்கியில்.

போர்ச்சுகல் வரித்துறை இதில் தங்கமானது. 2023இல் வந்த விதிப்படி, 365 நாள் வைத்திருந்து விற்றால் லாபத்துக்குப் பெரும்பாலும் வரியில்லை. அவசரப்பட்டு விற்றால்தான் 28 சதவீதம். அரசு கும்பிட்டு வரவேற்கிறது. வங்கிக் கவுண்ட்டர்தான் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கிறது.

விற்ற பணம் உடனடிப் பரிமாற்றத்தில் வந்தால் 10 நொடியில் கணக்கில் ஏற வேண்டும். ஐரோப்பியச் சட்டமே அப்படி. அதைத் தொடுவதற்குத்தான் ஜாதகம் கேட்பார்கள். முதல் காயினை எப்போது வாங்கினீர்கள், எந்தப் பணத்தில், அது எந்தச் சம்பளத்தில் மிஞ்சியது, அந்தச் சம்பளச் சீட்டு எங்கே? வாங்கிய எக்ஸ்சேஞ்ச் என்றோ இழுத்து மூடப்பட்டுவிட்டதே என்றால், "அப்படியா, அவர்களிடமே ஒரு கடிதம் வாங்கி வந்துவிடுங்களேன்." அதுவும் போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்போடு, முத்திரை குத்தி.

பிளாக்செயினில் ஒவ்வொரு பரிமாற்றமும் அழியாமல் பதிந்திருக்கிறது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அப்பாவி விளக்குவார். அதிகாரி பொறுமையாகத் தலையாட்டிக் கேட்பார்.

"ரொம்ப நல்லது. அதைப் பிரின்ட் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."