ஷுட் பி சார்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஏறினாலும் மாடிக்கு ஒருவராவது இவர் இருப்பார். பதவி, புராஜெக்ட் மேனேஜர். டீமில் வைத்திருக்கும் பெயர், 'ஷுட் பி சார்'.

"சார், சர்வர் இன்னைக்கு ரெடியாயிடுமா?"

"ஷுட் பி."

"வெள்ளிக்கிழமை டெலிவரி பண்ணிடலாமா?"

"வீ ஷுட் பி ஏபிள் டு."

"அப்ப பண்ணிடுவோம்னு கிளையன்ட்டுக்கு மெயில் போட்டுடட்டுமா சார்?"

இந்த இடத்தில்தான் சாருக்கு வியர்க்கும். "'வில்'னு போட்டுத் தொலைக்காதப்பா. 'மே'னு போடு."

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று ஆங்கிலத்தில் முக்கியமான மோடல் வெர்ப்கள் 9. நாமெல்லாம் ரென் அண்ட் மார்ட்டினைப் புரட்டி மார்க்குக்காக இவற்றை நெட்டுருப் போட்டோம். சாருக்கோ இவை நவக்கிரகங்கள். எந்த நேரத்தில் எது உச்சம், எது நீசம் என்பதெல்லாம் அத்துப்படி. வேலை முடிந்து டெஸ்டிங்கும் ஆகிவிட்டதா, 'ஷுட்'. பாதிதான் ஆகியிருக்கிறதா, 'மே'. இன்னும் ஆளே போடவில்லையா, 'மைட்'. 'வில்'லை மட்டும் தொடமாட்டார். எடுத்தவன்தானே நாண் ஏற்ற வேண்டும்?

இலக்கணமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 'ஹீ ரன்ஸ்' உண்டு, 'ஹீ கேன்ஸ்' கிடையாது. எழுவாய் நானோ, அவனோ, அவர்களோ, மோடல் வெர்ப் அசைந்து கொடுக்காது. சாருடைய டீமிலும் பொறுப்பு யார் பெயரில் இருந்தாலும் வேலை அசையாது. 'மஸ்ட்'டுக்குச் சொந்தமாக இறந்தகாலம் இல்லை. தேவைப்பட்டால் 'ஹேட் டு' என்று வெளியே கடன் வாங்க வேண்டும். போன வாரம் கட்டாயம் முடிக்க வேண்டியிருந்த வேலையைப் பற்றி இந்த வாரம் சாரும் வாயைத் திறப்பதில்லை.

'ஷல்' விஷயத்தில் அவர் சீர்திருத்தவாதி. சும்மா எதிர்காலத்தைச் சொல்ல தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்று 1653-ல் விதி போட்டவர் ஜான் வாலிஸ். கணித மேதை, ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதியவர். சார் அந்த விதியைத் திருத்திவிட்டார்: தன்மைக்கு 'மே', மற்ற அத்தனை பேருக்கும் 'ஷல்'. டெண்டர் பத்திரம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே ஒப்பந்ததாரர் பக்கம் பக்கமாக 'ஷல்' செய்வார். வேலை கொடுத்தவர் இஷ்டப்பட்டால் 'மே' செய்வார்.

புராஜெக்ட் கவிழ்ந்த மறுநாள் பார்க்க வேண்டும் அவரை. மீட்டிங்கில் மோடலுக்குப் பின்னால் ஒரு 'ஹேவ்' வந்து ஒட்டிக்கொள்ளும். "யூ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் மீ." மூன்று முறை மெயில் போட்ட பையன் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அடுத்தது வரும்: "திஸ் குட் ஹேவ் பீன் அவாய்டட்." தவிர்த்திருக்கலாம்தான். செயப்பாட்டு வினை என்பதால் யார் தவிர்த்திருக்கலாம் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் இந்த வித்தை எடுபடுவதில்லை.

"என்னங்க, வரும்போது இட்லி மாவு வாங்கிட்டு வந்துடுவீங்களா?"

"மே பி."

"சரி. அப்ப ராத்திரி டிபனும் மே பி."

சார் மாவோடு வந்து சேர்வார். அன்றைக்கு அவர் முடித்த ஒரே டெலிவரி அதுதான்.

இவருக்கு மோடல் வெர்ப் இல்லாமல் ஆங்கிலமே வராது என்று நினைத்துவிடக் கூடாது. அப்ரைசல் படிவத்தில் தன்னைப் பற்றி எழுதும்போது பாருங்கள்: லெட், டெலிவர்ட், அச்சீவ்ட். மூன்றும் எந்தத் துணைவினையின் தயவும் இல்லாத சுத்தமான இறந்தகாலம். அதே கையோடு, ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்த பையனுடைய படிவத்தையும் திறந்து ஒரு வரி எழுதுவார்:

"குட் ஹேவ் டன் பெட்டர்."