தெற்கே என் கொள்ளுத் தாத்தா

"உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" என்று ஆர்.கே.பேட்டையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பதில் வராது. "எந்த நிலத்துக்கு?" என்ற எதிர்க்கேள்விதான் வரும். எங்கள் பக்கத்தில் முன்னோரை நினைப்பது இரண்டு வேளைகளில்தான்: அமாவாசை, பாகப்பிரிவினை. அமாவாசைக்குப் பெயர் மறந்துபோனால் சாஸ்திரிகள் ஏதோ ஒரு பெயரைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார். வாரிசுச் சான்று விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது.

எந்தச் சொத்தையும் மனசில் வைத்துக்கொள்ளாமல், வெறும் ஆசையில் நான் கொள்ளுத் தாத்தாவைத் தேடக் கிளம்பினேன் என்பதை ஊர் நம்பவில்லை. சித்தப்பா போன் செய்து, "சோளிங்கர் ரோட்டு மனை விஷயமா ஏதாவது கிடைச்சுதாப்பா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்படி ஒரு மனை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அத்தை வேறு ரகம். "உயிரோட இருக்கிற அத்தைய எட்டிப் பார்க்க நேரமில்ல. செத்தவங்களத் தேடி எழும்பூர் வரைக்கும் போறியாடா?"

2025 நவம்பரில் மட்டும் ஒரு மாதம் தமிழ்நாடே என் கட்சிக்கு வந்து சேர்ந்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று படிவம் கொடுத்து, 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உங்கள் பெயரையோ அப்பா அம்மா பெயரையோ தேடி எழுதுங்கள் என்றார்கள். டீக்கடையில் ஆளாளுக்குச் செல்போனை விரித்து வைத்துக்கொண்டு செத்துப்போன பாட்டியின் பாகம் எண்ணைத் தேடினார்கள். எங்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பள்ளிப்பட்டு என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது போயே போய்விட்டது. பாட்டியைத் தேடுவதற்கு முன்னால் தொகுதியைத் தேட வேண்டியிருந்தது.

தொகுதி காணாமல் போனதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. மாவட்டமும் மாநிலமும் காணாமல் போய்ப் பழகிய ஊர் இது. என் தாத்தா பிறந்தபோது வட ஆற்காடு ஜில்லா. கார்வேட்டிநகரம் ஜமீன். 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் ஜில்லா என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி எங்களை அதில் போட்டார்கள். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது நாங்கள் ஆந்திரா. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம். அதற்குள் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தி, படாஸ்கர் நடுவராக வந்து கோடு கிழித்து, 1960இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதுவும் ஏப்ரல் 1ஆம் தேதிதான். எங்களை இடம் மாற்றுகிற விஷயத்தில் அரசாங்கங்கள் அந்தத் தேதியைக் கைவிடுவதாக இல்லை. அப்புறம் செங்கல்பட்டு மாவட்டம். 1969இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர். 1997இல் திருவள்ளூர் மாவட்டம்.

இத்தனைக்கும் தாத்தா குழித்தறியில் இருந்து காலை எடுக்கவில்லை. பஸ் ஏறத் தெரியாத மனிதர், உட்கார்ந்த இடத்திலேயே நான்கு மாநிலப் பெயர்களைப் பார்த்துவிட்டார். மனிதர் நகரவில்லை, காகிதம்தான் நகர்ந்தது. ம.பொ.சி. ஊரை மீட்டுக் கொடுத்தார். கோப்பை மீட்க யாரும் மறியல் செய்யவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கேட்டால், "1960லயே உங்களுக்கு அனுப்பிட்டோமே சார்" என்கிறார்கள். இந்தப் பக்கம் இன்னொன்றில், "அவங்க எங்க அனுப்பினாங்க?" என்கிறார்கள். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கட்டு நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே எங்கோ இன்னும் பயணத்தில் இருக்கிறது.

ஜமீன் ஊர் என்பது இன்னொரு சோகம். ரயத்துவாரி ஊர்களில் வெள்ளைக்காரன் வயல் வயலாக அளந்து, இன்னார் மகன் இன்னார் என்று பதிவேடு எழுதி வைத்தான். அங்கெல்லாம் வரி கட்டியவனுக்கு வரலாறு உண்டு. எங்களிடம் வசூலித்தது ஜமீன். ஜமீனிடம் வசூலித்தது சர்க்கார். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை எங்கள் ஆட்கள் நேரடியாக சர்க்கார் கண்ணில் படவே இல்லை. அதற்காக அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கொள்ளுப் பேரனுக்குத்தான் கஷ்டம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். 1909இல் கட்டிய செங்கல் கட்டடம். உள்ளே உட்கார்ந்தால் ஒருவிதமான பயபக்தி வரும், கூடவே தும்மலும் வரும். வட ஆற்காடு மாவட்டக் கையேடு என்று காக்ஸ் துரை 1881இல் எழுதி, பிறகு ஸ்டூவர்ட் துரை திருத்திய தடித்த புத்தகம் இருக்கிறது. மலை, ஆறு, மழை, காய்ச்சல், ஜமீன்தார்களின் வம்சாவளி எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. துணி நெய்தவர்களுக்கும் உண்டு, ஆனால் மொத்தமாகத்தான். மக்கள்தொகைக் கணக்கும் அப்படியே. 1871 முதல் தலையை எண்ணியிருக்கிறார்கள். தலைக்குரியவனின் பெயரைக் கேட்டால் கிடைக்காது. இங்கிலாந்தில் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவங்களை நூறு வருஷம் கழித்து 2022இல் திறந்துவிட்டார்கள். லண்டன்காரர் வீட்டில் உட்கார்ந்தபடியே தன் பாட்டனாரின் கையெழுத்தைப் பார்க்கலாம். இங்கே 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது. எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அந்தரங்கத்தை அரசாங்கம் அவ்வளவு அக்கறையாகக் காத்து வருகிறது.

சரி, பத்திரிகையில் கிடைப்பாரா என்று தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா செட்டியார் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்பின் மேல் எழுந்த நூலகம் அது. அவர் எங்கள் ஊரில் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். எங்கள் ஊரில் பழைய காகிதம் சேர்த்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

பத்திரிகையிலும் எங்களுக்கு எல்லைத் தகராறுதான். சென்னையில் சுதேசமித்திரன் 1882 முதல் வந்தது. தெலுங்கில் ஆந்திர பத்திரிகை 1914 முதல் சென்னையிலிருந்தே நாளிதழாக வந்தது. தமிழ்ப் பத்திரிகைக்கு நாங்கள் சித்தூர் ஜில்லாக்காரர்கள். தெலுங்குப் பத்திரிகைக்குத் தமிழ்க்காரர்கள். யார் எழுதுவார்கள் எங்களைப் பற்றி? தவிரவும், சாதாரண மனிதன் பெயர் அந்தக் காலத்துப் பேப்பரில் வர வேண்டுமானால் கிணற்றில் விழ வேண்டும், பாம்பு கடிக்க வேண்டும், கடனில் வீடு ஏலத்துக்கு வர வேண்டும், இல்லை யாரையாவது வெட்ட வேண்டும். பல நாள் பக்கம் பக்கமாகப் புரட்டியபின் ஒரு கெட்ட எண்ணம் வந்துவிட்டது. கொள்ளுத் தாத்தா ஒரு சின்னத் திருட்டாவது செய்திருக்கலாமே! ஆறு மாசம் உள்ளே இருந்திருந்தால் அங்க அடையாளம், வயது, உயரம் எல்லாம் கிடைத்திருக்கும். ஒழுங்காக நெய்தார், கூலி வாங்கினார், கூழ் குடித்தார், செத்தார். இப்படி வாழ்ந்தால் ஒரு சந்ததிக்கு என்ன பிரயோசனம்?

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் டர்பன்காரர் கதையைக் கேளுங்கள். திருத்தணியில் சந்தித்தேன். பெயர் தமிழ், பேச்சு ஆங்கிலம். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அதில் வட ஆற்காட்டார் ஏராளம். கப்பல் ஏற்றும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினார்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. அந்த வரியின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு வைத்திருந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தாவுக்கு இடது கன்னத்தில் தழும்பு. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்தவருக்கு அது தெரியும். அதே மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு என் கொள்ளுத் தாத்தாவுக்குக் கன்னம் இருந்ததா என்பதே அனுமானம்தான். கரும்புத் தோட்டத்தில் அந்த மனிதர் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலியில் அந்த ஒரு வரியும் சேர்த்தி. பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரிந்தேதான் பொறாமைப்பட்டேன்.

அவரை அவருடைய கிராமத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் காபி கொடுத்தார்கள். தகப்பன் பெயரைப் படித்ததும் ஒரு பெரியவர், "அட, நம்ம பங்காளிப்பா" என்று கட்டிக்கொண்டார். கண்கலங்கக் கொஞ்ச நேரம் போனது. அப்புறம் அவர் மகன் என்னைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய், "ஏரிக்கரை நிலத்துல பங்கு கேட்டு வந்திருக்காராண்ணா?" என்றார்.

பெயர்த் தகராறு ஒன்றும் உண்டு. எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். திருத்தணி முருகன் பக்கத்திலேயே இருப்பதால் புதுப் பெயருக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. தணிகாசலம் மகன் சுப்பிரமணி, சுப்பிரமணி மகன் தணிகாசலம், அவர் மகன் சுப்பிரமணி. ஒரு காகிதத்தில் 'த. சுப்பிரமணி' என்று பார்த்தால் அவர் எனக்குத் தாத்தாவா, தாத்தாவுக்குத் தாத்தாவா, அடுத்த தெருக்காரரா என்று அந்த முருகனுக்கே தெரியாது. வயதை வைத்துப் பிரிக்கலாம் என்றால், பிறந்த தேதியெல்லாம் தலையைச் சுற்றிக் காதைத் தொட்ட அன்று வாத்தியார் போட்டது. ஊரில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த தேதியைத்தான் நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்தத் தேதியிலேயே சந்தேகம் உண்டு என்று அவர் மகன் கோபால் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஜனாதிபதிக்கே அந்த நிலைமை.

கடைசியில் கொள்ளுத் தாத்தா கிடைத்தது பக்கத்து வீட்டுப் பரணில். டிரங்குப் பெட்டியில் 1934ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. நெசவு வேலை செய்த ஒருவரிடமிருந்து பக்கத்து வீட்டார் மனை வாங்கியது. சித்தூர் ஜில்லா காலத்துப் பத்திரம், தெலுங்கு. சாதாரணத் தெலுங்கு என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் படித்துவிடுவார்கள். இது கர்ணங்கள் எழுதும் கொலுசுக்கட்டு. பேனாவை எடுக்காமல் சங்கிலி கோத்ததுபோல் எழுதிக்கொண்டே போவது. அதைப் படிக்கிற பெரியவர் ஒருவர் நகரிப் பக்கம் இருந்தார். அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர். ஒரு டீக்கும் இரண்டு மசால் வடைக்கும் இசைந்தார். பக்கத்து வீட்டு அண்ணனும், பத்திரம் தன்னுடையதாயிற்றே என்று கூடவே வந்தார்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய் இழுத்து இழுத்துப் படித்தார். விற்றவர் யாரோ, வாங்கியவர் அண்ணனின் தாத்தா, சாட்சிகள் யார் யாரோ. ஒன்றிலும் நாங்கள் இல்லை. நான்கெல்லைக்கு வந்தார். வடக்கே தெரு. கிழக்கே கோவில் மானியம். மேற்கே கிணறு. தெற்கே... என் கொள்ளுத் தாத்தா! தகப்பன் பெயரோடு, முழுசாக. "இன்னொரு தடவை படிங்கய்யா" என்றேன். படித்தார். என் குடும்பத்தில் ஒருவர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது அடுத்தவர் மனைக்குத் தெற்கெல்லையாக. எனக்கு அதுவே போதும். இன்னும் இரண்டு வடை வாங்கி வைத்தேன்.

அந்த மகிழ்ச்சியில், பெரியவர் நிறுத்தாமல் அடுத்த வரியையும் படித்ததை நான் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தார். தெற்கே மேற்படியார் வீட்டுச் சுவர் வரைக்கும், நடுவில் உள்ள மூன்று முழச் சந்து உட்பட.

அந்தச் சந்தில் இப்போது எங்கள் மோட்டார் ரூமும் என் ஸ்கூட்டியும் நிற்கின்றன.

"மூணு முழம்னா நாலரை அடியாய்யா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பெரியவர் மூன்றாவது வடையை எடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் அத்தை, "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். சித்தப்பா சோளிங்கர் ரோட்டு மனையைப் பற்றி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தாசில்தாருக்கு அண்ணன் கொடுத்த மனுவின் நகல் என் கைக்கு வந்தது. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், தாத்தா பெயர், வயது, கதவு எண் எல்லாம் இருக்கின்றன. எங்கள் வம்சத்தைப் பற்றி இதுவரை கிடைத்த காகிதங்களில் எழுத்துப் பிழை இல்லாதது அது ஒன்றுதான். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.