வாலப் பிடி, மனே!

இஞ்ச வா மனே. கையில மீன்பையோட கல்லடிப் பாலத்தில நிண்டு, போனுக்குள்ள என்ன கிண்டுறாய்? இதுவரை தெரிஞ்சதிலயே பெரிய பகா எண்ணா? அம்மாடி!

பகா எண்ணெண்டா என்னெண்டு தெரியுமா? வலையில பதினேழு கொடுவா பட்டா ரெண்டு பேருக்கும் பிரியாது, மூண்டு பேருக்கும் பிரியாது. ஒருத்தன் முழுசா அள்ளோணும், இல்லாட்டிப் பதினேழு பேர் ஆளுக்கொண்டு எடுக்கோணும். பங்கு பிரியாத பாடு. அவ்வளவுதான் சங்கதி.

உன்ட எண்ணை 2024 ஒக்டோபரில லூக் டியூரன்ட் எண்டவர் கண்டுபிடிச்சார். 136,279,841 ரெண்டைப் பெருக்கி, ஒண்டைக் கழிக்கோணும். 41,024,320 இலக்கம். செக்கனுக்கு ஒண்டா வாசிச்சாலும் 474 நாள் தாண்டும், சோறில்லாம, நித்திரையில்லாம. வாசிக்கிறயா?

ஏதும் வேலைக்கு உதவுமா? பாங்குப் பூட்டுக்குச் சில நூறு இலக்கப் பகா எண்ணே போதும். அதையும் ஒளிச்சு வைக்கோணும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டாங்க. கதவிலயே தொங்குற திறப்பு, யாருக்கு மனே?

பெரியாக்கள் சொன்னதெண்டு நம்பிரவும் படாது. ரெண்டை 67 தரம் பெருக்கி ஒண்டைக் கழிச்சாப் பகா எண் எண்டு 1644இல மெர்சென் எண்ட பிரெஞ்சுத் துறவி எழுதிவைச்சார். 1903இல கோல் எண்டவர் கரும்பலகையில ஒரு பக்கம் அந்த எண்ணை எழுதினார். மற்றப் பக்கம் வேற ரெண்டு எண்ணைப் பெருக்கினார். ரெண்டு பக்கமும் ஒரே விடை. ஒரு சொல்லும் பேசாமப் போய்க் குந்தினார்.

சரி, உன்ட பெரிய எண்ணின்ட கடைசி இலக்கம் என்ன? தேடாத, போனை மடிக்குள்ள வை. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. வாலை மட்டும் பார்: 2, 4, 8, 6, மறுகா 2. நாலுக்கொருக்காக் கிறுகி வருகுது. இப்ப 136,279,841ஐ நாலு பேருக்குப் பிரி. நூறெல்லாம் சரியாப் பிரியும், கடைசி 41 போதும். மிச்சம் ஒண்டு. அப்ப வரிசையில முதலாவது, 2. ஒண்டைக் கழி. 1. நாலு கோடி இலக்கத்துக்கும் வால் உன்ட கையில!

இந்தா, இந்தக் கல்லடியில லேடி மானிங் பாலம் திறந்தது 1924. இரட்டை எண். பக்கத்துப் புதுப் பாலம் 2013. இலக்கத்தைக் கூட்டினா ஆறு, மூண்டு பேருக்குப் பிரியும். ரெண்டும் பகா எண்ணில்ல. பாலம் விழுந்தா போச்சு?

நாளைக்கு இதைவிடப் பெரிசும் வரும். பகா எண்ணுக்கு முடிவில்லையெண்டு யூக்ளிட் எண்டவர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே காட்டிப்போட்டார். பெரிசைக் கண்டு வாயைப் பிளக்காத. பிரிச்சுப் பார், மிச்சத்தைப் பார்.

அதுசரி, மீன்காரன் தந்த மிச்சக் காசை எண்ணினியா?