கிடைத்துத் தொலைத்த வண்டி

திருடு போன பைக் கிடைக்காமலே போவது ஒருவகையில் சௌகரியம். 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று போலீஸ் சான்று தந்துவிட்டால், இன்ஷூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி. தொகையைக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் இழுத்தடித்தாவது கொடுத்துவிடுவார்கள். இரண்டு சாவியையும் கேட்பார்கள். சாவியைத் தொலைத்தவன் திருடனைவிடச் சந்தேகத்துக்குரியவன்.

கிடைத்தால்தான் வினை. அது இப்போது வண்டியல்ல, வழக்குச் சொத்து. கோர்ட்டில் மனுப் போட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்து, நம் வண்டியை நாமே ஜாமீனில் எடுப்பதுபோல் எடுக்க வேண்டும். திருடன் அதற்கு முன்பே வெளியே வந்திருப்பான்.

அப்புறம் சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் சர்வேயர். 'ஜீரோ டெப்' சேர்க்காத பாலிசி என்றால் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே கிடையாது. பைக்கில் என்ன பெரிய கண்ணாடி இருந்துவிடப் போகிறது? ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று விதி. திருடன் இன்னும் ஒரு பள்ளத்தில் விட்டிருக்கலாம்.

ஐந்து வருஷம் கிளைம் கேட்காமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸும் இதோடு காலி. அதை எஃப்.ஐ.ஆரில் சேர்க்க முடியாதாம்.