ரிச் லுக் பார்ட்டி

மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று மலையடிவாரத்து அய்யனாருக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் ஒன்று. முடிந்துவிடுமோ என்று உள்ளூரப் பயப்படுகிறவர்கள் இன்னொன்று. இந்த இரண்டாவது இனத்துக்குக் கொத்தனார்களும் பெயின்டர்களும் தங்களுக்குள் வைத்திருக்கிற பெயர் ‘ரிச் லுக் பார்ட்டி’.

பார்ட்டிக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பேங்க்கிலோ கல்லூரியிலோ சர்வீஸ் போட்டவர். வாடகை வீடுகளில் காலண்டருக்கு ஓர் ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் மனுப்போட்டு நொந்தவர். அதனால் சொந்தச் சுவர் என்று ஒன்று கிடைத்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்போனில் பேரன் படங்கள் இருந்த இடத்தில் இப்போது சுவர்ப் படங்கள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் தொலைந்தோம். “இதப் பாருங்க சார்” என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவார். எல்லாப் படத்திலும் ஒரு நீள மேஜை, எட்டுப் பத்து நாற்காலி, கறுத்த சுவர், தொங்குகிற விளக்கு. சாப்பிடுகிற ஆள் மட்டும் ஒரு படத்திலும் இருக்க மாட்டார்.

வீட்டு பிளானில் பூஜை ரூமுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே ‘ஃபார்மல் டைனிங்’ என்று பதினாலுக்குப் பன்னிரண்டில் ஓர் அறை முளைத்த அன்றே வீட்டம்மா விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

“அப்ப தினமும் எங்கிட்டுங்க சாப்பிடுறது?”

“அடுப்படிக்குப் பக்கத்துல சின்ன டேபிள் ஒண்ணு போட்டுக்கலாம்.”

“அப்ப இது?”

“இது யாராச்சும் வந்தா.”

“யாரு வருவா?”

சொந்தக்காரர்களில் யாரும் இதுவரை அவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. டிவிக்கு எதிரே சம்மணம் போட்டுத்தான் பழக்கம். ஆனாலும் பார்ட்டி அசரவில்லை. அறைக்குக் கறுப்பு டெக்ஸ்சர் வால்பேப்பர் ஒட்டுவது என்று அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

காளவாசல் பக்கத்துக் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைப்பான் கடைப் பையன். நம் ஆள் பக்கத்தைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். சாக்குப் பை மாதிரி ஒன்று, மரப்பட்டை மாதிரி ஒன்று, சுருங்கிய தோல் மாதிரி ஒன்று. “இது சார்க்கோல் சார், இது கிராஃபைட், இது மிட்நைட்” என்று பையன் அடுக்குவான். பார்ட்டி மூன்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய், டியூப் லைட்டடியில் கொண்டுபோய், செல்போன் டார்ச் அடித்துப் பார்த்து, மிட்நைட்டில் கொஞ்சம் நீலம் தூக்கலாக இருக்கிறது என்பார். வீட்டம்மாவுக்கு மூன்றும் அடுப்புக்கரி. அதை அவர் மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை.

“இந்தச் சுவரு உங்க ஆத்தா வீட்டு அடுப்படியில சும்மாவே இருந்துச்சுல்ல? வெறகடுப்புப் புகையில வழவழன்னு. பாவம், வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி அதைத் தேய்ச்சுக் கழுவி வெள்ளையடிச்சே அவங்க இடுப்பு போச்சு.”

கடைப் பையன் சிரிப்பை அடக்க ஆல்பத்தை அடுக்கப் போய்விடுவான்.

கணக்கில் மட்டும் பார்ட்டியை யாரும் அசைக்க முடியாது. ஒரு ரோல் பத்து மீட்டர் நீளம், ஐம்பத்துமூன்று சென்டிமீட்டர் அகலம். ஆக 57 சதுர அடி. நாலு சுவரும் சேர்ந்து 520 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்து, டிசைன் சேர்ப்பதில் வீணாவது கூட்டினால் பத்து ரோல். பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிற தம்பிவரை அந்த ஏரியாவில் இந்தக் கணக்கு தெரியாதவர்கள் இல்லை.

இந்த ஆசை அவராகக் கண்டுபிடித்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு அறையைக் கறுக்க வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து. அங்கே குளிர், கணப்பில் கரி எரியும், கேஸ் விளக்கு புகையும். வெள்ளைச் சுவர் ஒரு சீசன் தாங்காது. துணியை ஒட்டினால் கறி வாடையை உறிஞ்சிக்கொள்ளும் என்று வசதியானவர்கள் தோலை ஒட்டினார்கள். தோலுக்கு வசதியில்லாதவர்களுக்காக 1877இல் ஃபிரெடரிக் வால்டன் லின்க்ரஸ்டா என்று மேடுபள்ளமான சுவர் உறை ஒன்றைக் கொண்டுவந்தார். தரைக்கு லினோலியம் கண்டுபிடித்ததும் அதே மனிதர்தான். பார்ட்டி தடவிப் பார்க்கிற தோல் மாதிரிச் சமாசாரத்துக்கு அதுதான் பாட்டன். அவர்களுக்குப் புகையை மறைக்க வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் கண் கூசுகிற ஊரில் நாம் எதை மறைக்கிறோம் என்று கேட்டால் “அது ஒரு மூடு சார்” என்பார் பார்ட்டி.

லண்டனில் லேலண்ட் என்ற கப்பல் முதலாளி இதைவிடப் பெரிய பார்ட்டி. 1876இல் அவருடைய சாப்பாட்டு அறைச் சுவருக்கு விலையுயர்ந்த பழைய தோல் ஒட்டியிருந்தது. கொஞ்சம் டச்சப் பண்ண அழைத்திருந்த ஓவியர் விஸ்லர், ஓனர் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து, தோல் மேலேயே கருநீலம் பூசிப் பொன்னில் மயில்களை வரைந்துவிட்டார். பில் 2000 கினி. லேலண்ட் பாதிதான் கொடுத்தார், அதையும் கினியில் இல்லாமல், அதைவிடக் கொஞ்சம் மதிப்பு குறைந்த பவுண்டில். விஸ்லர் கடைசிச் சுவரில் இரண்டு மயில்கள் சண்டை போடுவதாக வரைந்து, ஒன்றின் காலடியில் காசுகளைக் கொட்டிவைத்துவிட்டுப் போனார். அறை இப்போது வாஷிங்டன் மியூசியத்தில். அங்கேயும் யாரும் சாப்பிடுவதில்லை.

நம் பார்ட்டியின் பெயின்டர் அவ்வளவு வில்லங்கமானவர் இல்லை. உள்ளதைச் சொல்லிப் பார்ப்பார்.

“அண்ணே, டார்க்கு ஒட்டுனா ஜாயின்ட்டு வெள்ளைக் கோடாத் தெரியும். சுவத்துக்கும் அதே கலர் அடிச்சுட்டுத்தான்ணே ஒட்டணும்.”

“அடிச்சிருங்க.”

“அங்கிட்டு பாத்ரூம் இருக்கு. சுவரு இன்னும் காயல. ஓதம் ஏறுச்சுன்னா பூஞ்சை பிடிச்சு உரிஞ்சுக்கும்ணே.”

“இது இம்போர்ட்டட் தம்பி.”

ஓதத்துக்கு உள்ளூர்ச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு என்ற பாகுபாடு கிடையாது என்பதைப் பெயின்டர் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று பட்டி தேய்க்கப் போனார்.

அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் நேரே சமணர் மலை. மேலே பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் பாறையில் இருக்கிறார்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக வெயிலும் மழையும் பட்ட அசல் டெக்ஸ்சர் அது, ஒரு மூலையும் உரியவில்லை. அங்கே இருந்த முனிவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். இருட்டில் பூச்சி எதுவும் தெரியாமல் விழுந்து செத்துவிடக் கூடாதே என்ற கவலை. வெளிச்சத்தில் மட்டுமே சாப்பிட்டவர்களின் மலைக்கு எதிரே, நடுமத்தியானத்திலும் இருட்டாக இருக்கிற மாதிரி ஒரு சாப்பாட்டு அறையைப் பணம் கொட்டிக் கட்டுகிற துணிச்சல் ரிச் லுக் பார்ட்டிக்குத்தான் வரும். ஜன்னலுக்கும் அவர் கனத்த கர்ட்டன் போட்டுவிட்டார், வெளிச்சம் பட்டால் மூடு கெட்டுவிடுமாம்.

ஒட்டி முடித்ததும் ஒரு சின்னச் சிக்கல். உள்ளே போனால் மேஜை தெரியவில்லை. பத்து ரோலும் சேர்ந்து வெளிச்சத்தை விழுங்கிவிட்டன. ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு விளக்கு, சுவரோரம் புரொஃபைல் லைட், மேஜைக்கு மேல் தொங்குகிற விளக்கு மூன்று என்று வைத்த பிறகு ஒருவழியாகத் தட்டு தெரிந்தது. கவர்மென்ட் தருகிற இலவச மின்சாரம் அந்த ஓர் அறைக்கே சரியாகப் போய்விடும் என்றார் வயரிங்காரர். பார்ட்டிக்கு அதிலும் ஒரு பெருமைதான்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. காசை லேஅவுட் பிளாட்டில் போட்டு விலை ஏறுவதை எண்ணிக்கொண்டிருக்கிறவர்களைவிட, இந்தக் கறுப்பா அந்தக் கறுப்பா என்று தூக்கம் கெடுகிற மனிதர் எவ்வளவோ தேவலை.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. உசிலம்பட்டியிலிருந்து வேன் பிடித்துச் சொந்தம் இறங்கியது. தெருவில் சாமியானா, பந்திப்பாய், வாழையிலை. எட்டு நாற்காலி மேஜைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. கடைசியில் அவருடைய பெரிய அக்கா மட்டும் வாசலில் நின்று கண்ணை இடுக்கினார்.

“ஏண்டா தம்பி, இந்த ரூமுக்குக் கரன்ட்டு வரலையா?”

பார்ட்டி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். அக்கா உள்ளே வந்து சுவரைத் தடவினார். பிறகு கையைத் திருப்பி, கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

“டெக்ஸ்சர்க்கா. ரிச்சா இருக்கும்.”

“நல்லாத்தான் இருக்கு. குளுகுளுன்னு, வெளிச்சம் அண்டாம.” அக்கா அங்கிருந்தே வாசல் பக்கம் குரல் கொடுத்தார். “ஏலே, அந்த வாழத்தாரு ரெண்டையும் வெயில்ல போடாம இங்கன கொண்டாந்து வைங்கடா. சாக்கப் போட்டு மூடுனா ரெண்டு நாள்ல பழுத்துரும். அப்படியே தயிரு அண்டாவும் வரட்டும்.”

தார்கள் வந்தன. பார்ட்டி மேஜைமேல் அவசரமாகப் பழைய பேப்பரை விரித்துக்கொண்டே கத்தினார்: “பைய, பைய! சுவத்துல உரசாம!”