முதல் மாரத்தானும் வீட்டார் பெறும் பயிற்சியும்: ஒரு கள ஆய்வு

முதல் மாரத்தானுக்காக 18 வாரம் பயிற்சி எடுப்பது யார்? பெயர் கொடுத்தவர்தான் என்று இதுவரை நம்பப்பட்டு வந்திருக்கிறது. பயிற்சி அட்டவணைகள், ஷூ விளம்பரங்கள், ரன்னர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. பெசன்ட் நகருக்கும் மடிப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட அடுக்ககங்களில் திரட்டிய சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பயிற்சி பெறுவது குடும்பம். ஓடுபவர் (ஆய்வுக்கு அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டிய கணவர்கள்) அதற்கு ஒரு முகாந்திரம், அவ்வளவே.

இதற்கு வரலாற்றிலேயே முன்சான்று உண்டு. தூரம் ஏன் 42.195 கிலோமீட்டர், அந்த 195 மீட்டர் எதற்கு என்று கேட்காத ரன்னர் இல்லை. நாற்பதாவது கிலோமீட்டரைக் கடந்தபின் இன்னும் உரக்கக் கேட்பார். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908இல் லண்டன் பந்தயம் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தாரின் மாடத்துக்கு எதிரே முடிந்தது. அந்த நீளத்தையே 1921இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஆக, இந்த ஓட்டத்தின் நீளம் ஒரு குடும்பத்தின் சௌகரியத்தைப் பார்த்து அமைந்தது. அதன்பின் வேறெந்தக் குடும்பத்துக்கும் இதனால் சௌகரியம் கிடைத்ததாகச் சான்றில்லை.

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருவதால் பயிற்சி செப்டம்பரில் ஆரம்பிக்கும். நவராத்திரி, தீபாவளி, ஐப்பசி மழை, கார்த்திகை, மார்கழி எதுவும் அதற்குத் தப்பாது. ஞாயிறு விடியற்காலை லாங் ரன். ஆகவே சனிக்கிழமைக் கல்யாண வரவேற்பில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழ வேண்டும். ஐஸ்கிரீமுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபடியே இழுத்துச் செல்லப்படுவர். நாலு மணி அலாரம் ஒருவருக்காக அடிக்கிறது, எழுந்துகொள்வது மற்றவர்கள். "ஏங்க, மணி நாலாச்சு, அடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க" என்னும் குரலை எந்த அட்டவணையும் பயிற்சியாளர் என்று குறிப்பிடவில்லை. மழையில் ஊறிய ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து மின்விசிறியடியில் காயவைக்கும் நுட்பமும் அதே நபருடையது. மார்கழிக் கோலத்தை மிதிக்காமல் தாண்டுவது மட்டும்தான் கணவர் தாமே கற்றது, அதுவும் முதல் வாரத்து வசவுகளுக்குப் பிறகு.

உணவு தனி அதிகாரத்துக்குரியது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். அது தீர்ந்ததும் கால் நகர மறுக்கும். சுவரில் மோதினேன் என்பார்கள். இதைத் தள்ளிப்போட மாவுச்சத்து வேண்டும் என்று படித்த நாள் முதல், கணவர் தின்னும் இட்லிக்கு அறிவியல் பெயர் கிடைத்துவிடுகிறது. கார்போ லோடிங் என்ற சொல் காதில் விழுமுன்பும் அவர் ஏழு இட்லி சாப்பிட்டவர்தான் என்கிறார் ஒரு மாமியார். இச்சாட்சியம் நடுநிலையானதா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை.

ஒப்பீட்டுக்கு 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு உடன்வந்தவர்கள் வழியில் கொடுத்தவை: ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு, முட்டை வெள்ளைக்கரு, பிராந்தி. கேழ்வரகுக் கஞ்சியில் உப்புக் குறைவு என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே பந்தயத்தில் பிரெட் லோர்ஸ் பாதி வழியைக் காரில் கடந்து, அரங்குக்குள் முதலாவதாக ஓடிவந்து, பிறகு அகப்பட்டுக்கொண்டார். தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் பின்தொடரும் மைத்துனர்கள் கண்காணிப்புக்குரியவர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32 கிலோமீட்டர் ஓடிவிட்டு, அதன்பின் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது டேப்பரிங். இது ரன்னருக்கு ஓய்வு, வீட்டாருக்குப் பொதுத்தேர்வு. ஓடாத நேரத்தையெல்லாம் அவர் பேசுகிறார். முழங்காலில் புதுப்புது வலிகள் கண்டுபிடிக்கப்படும். தும்மியவர் அடுத்த அறைக்கு அனுப்பப்படுவார். கறுத்துப்போன கால்நகம் விருந்தினருக்குக் காட்டப்படும். 2019இல் வியன்னாவில் மாரத்தான் வீரர் கிப்சோகே ஓடிய 1 மணி 59 நிமிடம் 40 நொடி ஆறாம் வகுப்புப் பையனுக்கு மனப்பாடம். அது அதிகாரபூர்வ சாதனைக் கணக்கில் சேராது என்பதைப் பாட்டிக்கு விளக்குபவனும் அவனே. "உங்கப்பன் ஆரம்பத்துலயே பேஸைக் கூட்டிடுவான்டா" என்று பாட்டி திருத்தியதை ஆய்வாளர் நேரில் கேட்டார். பயிற்சி முழுமையடைந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பந்தய நாளில் ஆராய அதிகமில்லை. அவர் ஓடுகிறார், வீட்டார் வெயிலில் நிற்கிறார்கள், பதக்கம் அவர் கழுத்தில் விழுகிறது. இது முறைகேடு என்பது இவ்வாய்வின் முடிவு. அடுத்த ஆண்டுக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இன்னொரு முறை பயிற்சி எடுக்க அவர்களுக்குத் தெம்பு இருக்கிறதா என்று.