கோடிக்கும் சேர்த்து ஒரு காற்புள்ளி

"சார், உங்க பில்லை எங்க ஃபார்மட்லயே போட்டு அனுப்பிடுங்க. எக்ஸல்ல."

போன வாரம் ஒரு நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து வந்த போன் இது. அவர்கள் திருப்பி அனுப்பிய பிடிஎஃப், நானே பைத்தானில் எழுதிய கருவி போட்டது. நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் போதும். பேன் எண், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி கோடு எல்லாம் தானாக வந்து உட்காரும். கையால் அடித்தால் ஐந்து நிமிட வேலை. அதை மிச்சம் பிடிக்க எத்தனை ராத்திரி போனது என்று கேட்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒன்று பாதியில் கிடக்கும் என்று தெரியும். மிச்சமான நேரத்தை ஃப்ரீலான்ஸ்காரர்கள் உருப்படியாக எப்படிச் செலவழிக்கலாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். வருகிறேன்.

அதற்கு முன் காற்புள்ளி. பைத்தானிடம் சும்மா காற்புள்ளி போடச் சொன்னால் 125,000 என்று அமெரிக்கக் கணக்கில் போட்டுவிடும். நமக்கு 1,25,000. கடைசி மூன்று இலக்கத்தை ஒதுக்கிவிட்டு, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகக் கிள்ள வேண்டும். கிள்ளினேன். லட்சம் சரியாக வந்தது. வார்த்தைக்கு இத்தனை பைசா என்று பேரம் பேசுகிற மொழிபெயர்ப்புத் தொழிலில் என் பில் எதுவும் லட்சத்தின் வாசலை மிதித்ததில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? கோடியைப் போட்டுப் பார்த்தேன். பத்துக் கோடி. நூறு கோடி. காற்புள்ளி ஒன்றுகூடப் பிசகவில்லை.

அடுத்து, தொகை எழுத்தால். எண்பது வரை ஒழுங்காக வந்த கருவி, அதற்கப்புறம் ஒன்பதைத் தேடுகிறது, வருவதோ தொண்ணூறு. 900 என்றால் தொள்ளாயிரம். சரி, ஒன்பது போயே போய்விட்டது என்று விதி எழுதினால், 9,000-த்தில் ஒன்பதாயிரம் என்று திரும்பி வந்து நிற்கிறது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய் மட்டும் என்று கருவி பிழையில்லாமல் சொன்ன அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் வரவில்லை. தொகை மைனஸில் போனால் என்ன செய்வது என்றும் ஒரு விதி எழுதி வைத்தேன். நடப்பைப் பார்த்தால் அதுதான் முதலில் பயன்படும் போலிருக்கிறது.

பில் எண்ணிலும் குறை. 2025-26/07 என்று சாய்கோடு போட்டுத்தான் வேண்டுமாம். போடலாம். "ஃபைல் பேரும் பில் நம்பரும் ஒண்ணா இருக்கணும் சார்." விண்டோஸில் ஃபைல் பெயரில் சாய்கோடு போட முடியாதே அம்மா என்றேன். "மத்தவங்கல்லாம் அனுப்புறாங்களே சார்." எப்படி அனுப்புகிறார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

டிடிஎஸ் கதை தனி. ஒரு நிறுவனம் ஓராண்டில் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 30,000. வரம்பு மாறியதும் என் கருவியில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், வேலை முடிந்தது. அதே நிறுவனத்தில் போன தடவை நான் போட்ட பில் பழைய வரம்பின் பக்கம்கூடப் போகவில்லை. ஆனாலும் பிடித்தார்கள். கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது." ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதல் வேறு.

தீபாவளிக்கு முன் முடித்துக் கொடுத்த வேலைக்குப் பொங்கல் தாண்டியும் பணம் வரவில்லை. அதற்கும் சிஸ்டம்தான் காரணமாம். அந்தச் சிஸ்டமும் யாரோ எழுதியதுதானே! பிடிக்கிற பகுதி மட்டும் முதல் நாளிலிருந்தே கனகச்சிதமாக ஓடுகிறது; கொடுக்கிற பகுதியை இன்னும் எழுதி முடிக்கவில்லை போல. வேண்டுமானால் நானே வந்து எழுதித் தருகிறேன், இலவசமாக. அதற்கு ஒரு பில் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.